சிறு காரின் பின்சக்கர பிரேக் ஷூக்களை வீட்டிலேயே மாற்றுதல்: முழுமையான வழிகாட்டி

பின்சக்கரத்தோடு சுழலும் இரும்புக் கிண்ணம் டிரம். அதன் உட்புறத்தில் அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த இரும்புத் துண்டு பிரேக் ஷூ. ஷூவின் மேல் பதித்த, தேயும் பட்டை லைனிங். பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் ஷூக்களை விரிப்பது வீல் சிலிண்டர். பின்சக்கரத்தின் பழைய பிரேக் ஷூவைக் கழற்றிப் புதியதை மாட்டுவது, பொறுமையும் ஒரு நல்ல நோஸ் பிளேயரும் உள்ள எவரும் செய்யக்கூடிய வேலை. அந்த வேலை கெட்டுப்போவது வேறு மூன்று இடங்களில்: வீல் சிலிண்டர் கசிகிறதா என்று பார்க்காமல் மூடிவிடுவது, லைனிங்கின் மேல் கிரீஸ் பட விடுவது, டிரம்முக்கும் ஷூவுக்கும் உள்ள இடைவெளியைச் சரியாக வைக்காமல் வண்டியைச் சாலைக்கு எடுத்துவிடுவது. ஆகவே கழற்றும் படிகளைவிட, பார்க்கும் படிகளுக்கும் இடைவெளி வைக்கும் படிக்கும் இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் பகுதியில் வண்டி வைத்திருப்பவர்கள் பின் பிரேக்கை அலட்சியம் செய்ய முடியாது. ஒசூர் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேல் இருக்கிறது. கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500 மீட்டர்தான். சூளகிரி வழியாக வருகிற வண்டி அந்த வித்தியாசம் முழுவதையும் இறங்கியாக வேண்டும். தர்மபுரியைத் தாண்டித் தேசிய நெடுஞ்சாலை 44இல் சேலத்தை நோக்கிப் போனால் தொப்பூர் கணவாய். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும் காட்டுச் சாலையும், வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளும் தனி. இந்த இறக்கங்களில் பின் ஷூக்கள் சரியாகப் பிடிக்காவிட்டால், அவற்றின் பங்கையும் முன் டிஸ்க்குகளே தாங்கிச் சூடேறுகின்றன.

எப்போது மாற்ற வேண்டும்

ஆல்ட்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், சாண்ட்ரோ, டியாகோ, குவிட் போன்ற சிறு கார்களில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க்கும் பின்சக்கரங்களுக்கு டிரம்மும் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குகளே அதிகம் உழைக்கின்றன. பின் ஷூக்கள் மெதுவாகத் தேய்கின்றன. மெதுவாகத் தேய்வதாலேயே அவற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹேண்ட் பிரேக் முன்பைவிட உயரமாக வந்து பிடிப்பது, பிரேக் மிதி கொஞ்சம் ஆழமாகப் போவது, பின்பக்கத்திலிருந்து இரும்போடு இரும்பு உரசும் ஓசை வருவது ஆகியவை அடையாளங்கள். ஆனால் அந்த ஓசை கேட்கும் நாளில் லைனிங் தீர்ந்து, ஷூவின் இரும்பே டிரம்மைக் கீறத் தொடங்கியிருக்கும். ஆகவே ஓசைக்காகக் காத்திருக்கக் கூடாது.

பல கார்களில் ஷூக்கள் பொருத்தப்பட்டிருக்கும் பின்தகட்டில் ஒரு சிறு ரப்பர் மூடி உண்டு. அதை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் லைனிங்கின் தடிமன் தெரியும். குறைந்தபட்ச அளவாக 1 மில்லிமீட்டரைப் பல தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். உங்கள் வண்டிக்கான அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும். மலைச்சாலையில் அடிக்கடி ஓட்டுபவர்கள் 2 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து. இந்த அளவை இரும்பைச் சேர்க்காமல் லைனிங்கில் மட்டும் பார்க்க வேண்டும். ரிவெட் அடித்த லைனிங்காக இருந்தால் ரிவெட்டின் தலைக்கு மேல் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதே கணக்கு.

மாற்றுவதென்றால் இரண்டு பின்சக்கரங்களிலும் சேர்த்து நான்கு ஷூக்களையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு பிடிக்காது. அதன் விளைவு ஈரச் சாலையில்தான் தெரியும்.

வாங்க வேண்டியவையும் எடுத்து வைக்க வேண்டியவையும்

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகும்போது வண்டியின் மாடல், ஆண்டு, சேசிஸ் எண் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். ஒரே பெயருள்ள காருக்கு ஆண்டைப் பொறுத்து டிரம்மின் விட்டம் மாறியிருக்கலாம். ஷூவோடு ஸ்பிரிங், பின், கப் அடங்கிய செட்டையும் வாங்கிவிடுங்கள். பல ஆண்டுகள் சூட்டில் கிடந்த ஸ்பிரிங் தன் விறைப்பை இழந்திருக்கும். டிரம்மை மையத்தில் ஒரு பெரிய நட்டு பிடித்திருக்கும் வகை வண்டியானால், அந்த நட்டையும் புதிதாக வாங்க வேண்டும். நட்டு கழலாமல் தடுக்கும் கோட்டர் பின் இருந்தால் அதுவும் புதிது.

வேலைக்குத் தேவையானவை: ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு, வீல் ஸ்பேனர், தட்டைத் திருப்புளி இரண்டு, நோஸ் பிளேயர், கட்டிங் பிளேயர், ரப்பர் சுத்தியல், துரு இளக்கும் ஸ்பிரே, பிரேக் கிளீனர் ஸ்பிரே, 80 அல்லது 100 எண் உப்புத்தாள், அதிகச் சூட்டைத் தாங்கும் பிரேக் கிரீஸ், வெர்னியர் காலிப்பர், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு. பிரேக் ஸ்பிரிங்குக்கென்றே ஒரு பிளேயர் விற்கிறார்கள். இருந்தால் கைக்கு நல்லது. கண்ணாடியும் கையுறையும் என்95 முகக்கவசமும் கட்டாயம். ஸ்பிரிங் நழுவினால் முகத்தை நோக்கித்தான் வரும்.

லைனிங்கையும் டிரம்மையும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவும் வழக்கம் நம் ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறது. இரண்டுமே உலர்ந்த பிறகு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். பெட்ரோல் தீப்பிடிக்கும். பிரேக் கிளீனர் கிடைக்காவிட்டால், சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் முழுக்கக் காயவைத்தால் போதும்.

வண்டியைத் தூக்குதல்

சமதளமான சிமெண்டுத் தரையில் மட்டுமே இந்த வேலையைச் செய்யுங்கள். செம்மண் வாசலில் ஜாக்கியின் அடிப்பகுதி மெல்லப் புதைந்து சாயும். மண் தரை ஒன்றுதான் இருக்கிறது என்றால், ஜாக்கிக்கும் ஸ்டாண்டுகளுக்கும் அடியில் கனமான அகலப் பலகை போட்டாக வேண்டும்.

முதலில் கியரை ஒன்றில் போடுங்கள். மேலே சொன்ன கார்கள் எல்லாம் முன்சக்கர இயக்கம் கொண்டவை. கியர் விழுந்திருந்தால் முன்சக்கரங்கள் எளிதில் உருளமாட்டா. இது முக்கியம், ஏனென்றால் டிரம்மைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கை முழுவதும் விடுவிக்க வேண்டியிருக்கும். இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் முட்டுக் கொடுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் குவாரிக் கருங்கல் துண்டு இல்லாத தெரு கிடையாது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க அது மிக நல்லது. ஆனால் அதே கல்லை வண்டியின் அடியில் அடுக்கி வண்டியைத் தாங்கவைக்கும் பழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். கல் வழுக்கும்; கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் பிளக்கும். வண்டியைத் தாங்கும் வேலை ஜாக்கி ஸ்டாண்டுக்கு மட்டுமே உரியது.

சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச்சுற்று தளர்த்துங்கள். மைய நட்டு உள்ள வண்டியில், அடுத்த பகுதியில் சொல்வதுபோல் தூசிமூடியையும் பூட்டையும் விடுவித்து, அதையும் இப்போதே தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு அவ்வளவு பலம் கொடுத்தால் வண்டி ஸ்டாண்டிலிருந்து நகரக்கூடும். பிறகு கையேட்டில் காட்டிய இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, இருபுறமும் ஸ்டாண்டு வைத்து, ஜாக்கியை மெல்ல இறக்கி வண்டியின் எடையை ஸ்டாண்டுகளின் மேல் அமர்த்துங்கள். வண்டியைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் இறக்கிவிட்டு மறுபடியும் வையுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்கவைப்பது கூடுதல் பாதுகாப்பு.

இன்னொன்று: ‘பிரேக்கை மிதிக்கக் கூடாது’ என்று ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுங்கள். ஷூ இல்லாத நேரத்தில் வீட்டுப் பிள்ளை ஒன்று உள்ளே ஏறி மிதியை அழுத்தினால் வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும். பிரேக் ஆயில் கொட்டி, ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகும்.

டிரம்மைக் கழற்றுதல்

டிரம் இரண்டு வகையில் பொருத்தப்பட்டிருக்கும். ஒன்று, வீல் போல்டுகளின் மேல் சும்மா அமர்ந்திருப்பது. சக்கரத்தை எடுத்தவுடன் இழுத்தால் வரும். மற்றொன்று, பேரிங்கைத் தனக்குள் வைத்துக்கொண்டு மைய நட்டால் பிடிக்கப்பட்டிருப்பது. இரண்டாம் வகையில் தூசிமூடியை நெம்பி எடுத்து, நட்டின் மடித்த விளிம்பை நிமிர்த்தி அல்லது கோட்டர் பின்னை உருவி, நட்டைக் கழற்றி, வாஷர் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறித்துக்கொண்டு டிரம்மை இழுக்க வேண்டும்.

இழுத்தால் வராத டிரம்தான் வழக்கம். அடித்து உடைக்கும் முன் காரணத்தை யோசியுங்கள். ஹேண்ட் பிரேக் முழுவதும் விடப்பட்டிருக்கிறதா? கேபிள் மிகை இறுக்கமாக இருந்தால், உள்ளே ஹேண்ட் பிரேக் லீவரின் அடியில் உள்ள நட்டைத் தளர்த்துங்கள். அதன் பிறகும் வராவிட்டால் டிரம்மின் உள்விளிம்பில் தேயாமல் நின்ற வரப்பு ஷூவைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். பின்தகட்டுத் துளை வழியாகத் திருப்புளியை விட்டு, ஷூக்களின் விரிவைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரைப் பின்னோக்கித் தளர்த்தினால் ஷூக்கள் உள்ளே ஒடுங்கும். மையத்தில் துருப்பிடித்து ஒட்டியிருந்தால் அங்கே துரு இளக்கும் ஸ்பிரே அடித்துக் கால் மணி நேரம் விடுங்கள். பல டிரம்களின் முகப்பில் மரை வெட்டிய இரண்டு துளைகள் உண்டு. பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் போல்டு பொருந்தும். இரண்டு போல்டுகளையும் மாறி மாறிக் கால்சுற்றாக இறுக்கினால், அவையே டிரம்மை வெளியே தள்ளிவிடும். சுத்தியலால் தட்டுவதானால் வீல் போல்டுகளுக்கு இடைப்பட்ட முகப்பில் தட்டுங்கள். டிரம் வார்ப்பிரும்பு, விளிம்பில் அடித்தால் உடைந்துவிடும்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனைக்கு வந்த கார்களில், பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், பின்சக்கரத்தின் அருகிலும் வேகம் உணரும் சென்சாரும் அதன் வயரும் இருக்கும். திருப்புளி அதில் இடித்துவிடாமல் கவனியுங்கள்.

உள்ளே இருக்கும் தூசி

டிரம் வந்ததும் உள்ளே கரும்பொடி குவிந்திருக்கும். குவாரி லாரிகள் ஓடும் சாலையில் நாள்தோறும் போகும் வண்டியென்றால், அந்தக் கருப்போடு செம்மண்ணும் சாம்பல்நிறக் கல்தூளும் கலந்து அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். விரலால் தொட்டால் மணல்போல் நறநறக்கும். அந்தக் கல்தூள்தான் டிரம்மில் வட்டவட்டமான கோடுகளைக் கீறுகிறது.

இதை ஒருபோதும் வாயால் ஊதாதீர்கள். காற்றுப் பம்பும் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. அதன் இழைகள் நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோய்விடும். கீழே ஒரு பழைய தட்டை வைத்து, பிரேக் கிளீனரையோ சோப்புத் தண்ணீரையோ தெளித்து, தூசி ஈரமாகவே கீழே வடியும்படி கழுவுங்கள். வடிந்த சேற்றைத் துணியில் ஒற்றி எடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். செடிக்கு ஊற்றக் கூடாது.

பழைய ஷூவைக் கழற்றுதல்

எதையும் தொடும் முன் மூன்று கோணங்களில் படம் எடுங்கள். அதைவிட நல்ல பாதுகாப்பு, ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்து ஷூவில் கைவைப்பது. எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் கொக்கி போட்டிருந்தது என்ற சந்தேகம் வந்தால், எழுந்து போய் மறுபக்கத்தைப் பார்த்துவிட்டு வரலாம். மறுபக்கம் இதன் கண்ணாடிப் பிம்பம் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

வரிசை இதுதான். இரண்டு ஷூக்களின் நடுவிலும், பின்தகட்டின் பின்பக்கத்திலிருந்து வருகிற, ஆணி போன்ற ஒரு பின்னும் அதன்மேல் கப்போ தகட்டுக் கிளிப்போ இருக்கும். ஒரு கையின் விரலால் பின்னின் தலையைப் பின்புறம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையில் பிளேயரால் கப்பை உள்ளே அழுத்திக் கால்வட்டம் திருப்புங்கள். பின்னின் தட்டை நுனி கப்பின் பிளவோடு நேர்ப்படும் கணத்தில் கப் சட்டென விடுபடும். அதை விரல்களுக்குள்ளேயே வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு முறை செய்தால் கைக்குப் பழகிவிடும். அடுத்து இரண்டு ஷூக்களையும் கீழ்முனையில் முட்டுக்கட்டையிலிருந்து வெளியே இழுத்துக் கீழ் ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். பிறகு மேல்முனைகளை வீல் சிலிண்டரிலிருந்து விடுவித்தால், ஷூக்கள் அட்ஜஸ்டரோடும் மேல் ஸ்பிரிங்கோடும் ஒரு கொத்தாகக் கையில் வரும். கடைசியாக, பின் ஷூவில் (ஒரே சக்கரத்தின் இரண்டு ஷூக்களில் வண்டியின் பின்பக்கம் இருப்பது) உள்ள லீவரிலிருந்து ஹேண்ட் பிரேக் கேபிளின் நுனியைக் கழற்றுங்கள். கேபிளின் ஸ்பிரிங்கைப் பிளேயரால் பின்னுக்குத் தள்ளிப் பிடித்தால் நுனி நழுவி வரும்.

பழைய ஷூக்களைத் தூக்கி எறிந்துவிடாமல், எந்த நிலையில் இருந்தனவோ அதே நிலையில் தரையில் பரப்புங்கள். பொதுவாக முன் ஷூ அதிகம் தேய்ந்திருக்கும். வண்டி முன்னோக்கிப் போகையில் டிரம்மின் சுழற்சியே முன் ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் அழுத்திக்கொள்கிறது. பின் ஷூவை அது விலக்கித் தள்ளுகிறது. ஆகவே அந்த வித்தியாசம் கோளாறன்று. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் மட்டும் காரணம் தேட வேண்டும்: ஓடாத பிஸ்டன், இறுகிய கேபிள், வேலை செய்யாத அட்ஜஸ்டர்.

வீல் சிலிண்டர்

இந்த ஒரு படியைத் தவிர்ப்பவர்கள் வேலையையே செய்யாமலிருப்பது நல்லது என்பேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் என் வண்டியின் பின் ஷூக்களை மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் தொப்பூர் இறக்கத்தில் முன்னே போன லாரிக்காகப் பிரேக்கை மிதித்தபோது, வண்டியின் பின்பாகம் ஒரு பக்கமாக ஒதுங்கியது. வீட்டுக்கு வந்து டிரம்மைக் கழற்றினேன். இடப்பக்க வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை நகத்தால் விலக்கியதும், உள்ளே தேங்கியிருந்த பிரேக் ஆயில் ஒரு சொட்டாகத் திரண்டு, ஷூவின் மேல் நழுவி விழுந்தது. அந்தப் பக்கத்துப் புதிய லைனிங் கருத்துப் பளபளத்துக்கொண்டிருந்தது. ஷூவை மாற்றியவர் அந்த உறையை ஒரு முறை விலக்கிப் பார்த்திருந்தால் போதும். பார்ப்பதற்கு ஆகும் நேரம் பத்து வினாடி. அன்றிலிருந்துதான் இந்த வேலையை நானே செய்யத் தொடங்கினேன்.

சிலிண்டரின் இருபுறமும் உள்ள ரப்பர் உறைகளை மெல்ல விலக்கிப் பாருங்கள். இலேசான ஈரப்பசை இருக்கலாம். ஆயில் தேங்கியிருக்கக் கூடாது, வழியவும் கூடாது. தேங்கியிருந்தால் சிலிண்டரை மாற்றுங்கள். புதிய ஷூக்கள் தடிமனானவை என்பதால் பிஸ்டன்கள் உள்ளே போக வேண்டும். இரு கட்டைவிரல்களாலும் அழுத்தினால் அவை வழவழப்பாக நகர வேண்டும். ஒரு பிஸ்டன் நகர மறுத்தால் அது துருப்பிடித்துவிட்டது என்று பொருள். அப்போதும் சிலிண்டரை மாற்ற வேண்டியதுதான். பிஸ்டனை அழுத்தும்போது பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். வழியும் நிலைக்கு வந்தால் சுத்தமான சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பிரேக் ஆயில் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். எண்ணெய் நனைந்த லைனிங்கை நெருப்பில் வாட்டிப் பயன்படுத்தலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அது நம்பத்தக்கதன்று, மாற்றியே ஆக வேண்டும்.

டிரம்மின் அளவு

டிரம்மின் மேலேயே அதிகபட்ச உள்விட்டம் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். வெர்னியர் காலிப்பரால், ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு இடங்களில் அளந்து பாருங்கள். பொறித்த எண்ணைத் தாண்டியிருந்தால் டிரம்மை மாற்றுங்கள். இரண்டு அளவுகளும் வேறுபட்டால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. மிதியில் துடிப்பு தெரிவது அதனால்தான். ஆழமான கோடுகள் இருந்து, விட்டத்தில் இன்னும் இடம் மீதியிருந்தால், லேத் பட்டறையில் கொடுத்துக் கடையலாம். கடைவதானால் இரண்டு டிரம்மையும் ஒரே அளவுக்குக் கடைய வேண்டும். வெடிப்பு இருந்தால் பேச்சே இல்லை, புதியதுதான். எல்லாம் சரியாக இருந்தால் உட்புறத்தை உப்புத்தாளால் குறுக்கு வாட்டில் இலேசாகத் தேய்த்து, பளபளப்பு போனதும் கிளீனரால் கழுவுங்கள். புதிய டிரம்மாக இருந்தால் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைக் கட்டாயம் கழுவ வேண்டும்.

புதிய ஷூவை மாட்டுதல்

முதலில் பழையதன் மேல் புதியதை வைத்து ஒப்பிடுங்கள்: வளைவு, அகலம், துளைகளின் இடம், லைனிங் ஷூவின் எந்த முனையை ஒட்டித் தொடங்குகிறது என்பது. பழைய பின் ஷூவிலிருந்து ஹேண்ட் பிரேக் லீவரைக் கிளிப் கழற்றி எடுத்துப் புதியதில் மாட்ட வேண்டியிருக்கலாம். அந்தக் கிளிப்பைப் பிளேயரால் நன்றாக நெருக்கி மூடுங்கள்.

பின்தகட்டில் ஷூவின் ஓரங்கள் உரசும் மேடான இடங்கள், பெரும்பாலும் ஆறு இருக்கும். அங்கே துருவைத் தேய்த்துவிட்டு, பிரேக் கிரீஸை விரல்நுனியில் எடுத்து மெல்லிய படலமாக மட்டும் பூசுங்கள். அட்ஜஸ்டரின் மரையையும் சுத்தம் செய்து, மரையில் சிறிது கிரீஸ் இட்டு, கையால் சுழல்கிறதா என்று பாருங்கள். நட்சத்திரச் சக்கரம் வைத்த அட்ஜஸ்டர்களில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிராக இருக்கும். மாறிப்போனால், ஒவ்வொரு முறையும் இடைவெளி குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போகும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போகச் சொன்னதற்கு இதுவும் காரணம். கிரீஸ் வேலை முடிந்ததும் கையுறையை மாற்றுங்கள். லைனிங்கில் கைபட்டிருந்தால் உப்புத்தாளால் தேய்த்துக் கிளீனரால் துடைத்துவிடுங்கள்.

கழற்றிய வரிசையைத் திருப்பினால் மாட்டும் வரிசை. கேபிளை லீவரில் மாட்டி, பின் ஷூவை, ஆணி போன்ற பின்னையும் கப்பையும் மாட்டி நிறுத்துங்கள். அட்ஜஸ்டரை முழுவதும் சுருக்கி, மேல் ஸ்பிரிங்கோடு முன் ஷூவைக் கோத்து, அதையும் அதன் பின்னையும் கப்பையும் மாட்டி நிறுத்துங்கள். கடைசியாகக் கீழ் ஸ்பிரிங்கை மாட்டுங்கள். இரண்டு ஷூக்களின் மேல்முனைகளும் பிஸ்டன்களின் பள்ளத்துக்குள் அமர்ந்திருக்கின்றனவா, அட்ஜஸ்டரின் கவைகள் ஷூவின் வெட்டுக்குள் இருக்கின்றனவா, ஸ்பிரிங்குகள் படத்தில் உள்ள அதே துளைகளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். லீவரைக் கையால் இழுத்துவிட்டுப் பாருங்கள். ஷூக்கள் விரிந்து, விட்டதும் சட்டென ஒடுங்க வேண்டும். எல்லாவற்றையும் கையால் தட்டி நடுவில் அமர்த்துங்கள்.

இடைவெளி வைத்தல்

இந்தப் படியை அவசரத்தில் முடிப்பவர்களே அதிகம். தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் இருக்கிறதே என்று நினைப்பார்கள். அது நாளடைவில் தேய்மானத்துக்கு ஏற்ப ஒவ்வொரு பல்லாக நகரும் பொறி. நீங்கள் விட்டுவைத்த பெரிய இடைவெளியை அது உடனே அடைத்துவிடாது.

டிரம்மை மாட்டிப் பாருங்கள். தடையே இல்லாமல் ஆடிக்கொண்டு உள்ளே போனால் ஷூக்கள் மிகவும் ஒடுங்கியிருக்கின்றன. எடுத்துவிட்டு அட்ஜஸ்டரை இரண்டு மூன்று பல் நீட்டுங்கள். மறுபடி மாட்டிப் பாருங்கள். டிரம் கையால் தள்ளினால் உள்ளே போக வேண்டும். சுழற்றினால் லைனிங் இலேசாக, ஒரே சீராக வருடும் ஓசை கேட்க வேண்டும். டிரம்மை மாட்டவே சிரமமாக இருந்தால் ஒரு பல் பின்வாங்குங்கள். நட்சத்திரச் சக்கரத்துக்குப் பதில் பல் வைத்த தகடு உள்ள வண்டிகளில், அந்தத் தகட்டைத் திருப்புளியால் விலக்கி இதே வேலையைச் செய்யலாம்.

அளவு சரியானதும் டிரம்மை மாட்டி, மைய நட்டு இருந்தால் புதிய நட்டைக் கையேட்டில் உள்ளபடியே இறுக்குங்கள். பேரிங்கின் வகையைப் பொறுத்து அந்த இறுக்கம் வண்டிக்கு வண்டி பெரிதும் மாறும். உத்தேசமாக இறுக்கினால் பேரிங் கெடும். பிறகு மறுபக்கத்தையும் இதே போல முடியுங்கள். இரண்டு பக்கமும் முடிந்த பிறகே பிரேக் மிதியைத் தொட வேண்டும். மிதியை நிதானமாகப் பத்துப் பதினைந்து முறை அழுத்தி விடுங்கள். ஹேண்ட் பிரேக்கையும் சில முறை இழுத்து விடுங்கள். சில வண்டிகளில் மிதியும் சிலவற்றில் ஹேண்ட் பிரேக்குமே அட்ஜஸ்டரை நகர்த்துகின்றன. ஷூக்கள் நடுவில் அமர்ந்ததும் சக்கரங்களைச் சுழற்றி, இரண்டிலும் ஒரே அளவு உராய்வு இருக்கிறதா என்று கேளுங்கள். அதன் பிறகே ஹேண்ட் பிரேக் கேபிளின் நட்டை, கையேடு சொல்லும் கிளிக் எண்ணிக்கைக்கு வரும்படி சரிசெய்ய வேண்டும். ஷூவின் தளர்ச்சியைக் கேபிளை இழுத்து ஈடுகட்டுவது தவறு. ஹேண்ட் பிரேக் மட்டும் பிடிக்கும், மிதி ஆழமாகவே போகும்.

காற்று எடுத்தல்

ஷூவை மட்டும் மாற்றி, ஆயில் குழாய் எதையும் திறக்காவிட்டால் இது தேவையில்லை. சிலிண்டரை மாற்றியிருந்தாலோ மிதி பஞ்சுபோல் இருந்தாலோ, ஆயில் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் மிதியை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றவர் சிலிண்டரின் பின்புறமுள்ள நிப்பிளில் குழாய் மாட்டி, அதன் மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி, நிப்பிளைக் கால்சுற்று திறந்து மூட வேண்டும். மூடிய பிறகே மிதியை விட வேண்டும். குமிழி வருவது நிற்கும் வரை இதைச் செய்யுங்கள். டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயில் பழையதானால் முழுவதையும் மாற்ற இதுவே நல்ல சமயம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4க்கு இவை 230, 155. நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் மிதி தரைவரை போய்விடும்.

சோதனை ஓட்டம்

சக்கரங்களை மாட்டி, வண்டியை இறக்கி, வீல் நட்டுகளை நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். சிறு கார்கள் பலவற்றுக்கு இது 85 முதல் 100 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டியின் எண்ணைக் கையேட்டில் பாருங்கள். எஞ்சினைப் போட்டு மிதியை அழுத்துங்கள். அது உயரமாகவும் உறுதியாகவும் நிற்க வேண்டும். வீட்டு வாசலிலேயே ஆமை வேகத்தில் நகர்த்தி ஒரு முறை நிறுத்திய பிறகே தெருவுக்குப் போங்கள்.

ஆள் நடமாட்டம் குறைந்த நேரான சாலையில், 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாகப் பிடித்துப் பத்து முறை நிறுத்துங்கள்; ஒவ்வொன்றுக்கும் இடையே ஓரிரு நிமிடம் சும்மா ஓட்டி ஆறவிடுங்கள். புதிய லைனிங் டிரம்மின் வளைவுக்குப் படிய இது வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர் பிடிப்பு கொஞ்சம் குறைவாகவே இருக்கும் என்பதால், அந்த வாரத்தில் ஒகேனக்கலுக்கோ வத்தல்மலைக்கோ புறப்பட வேண்டாம். பிறகு இறங்கும்போதும் ஏறப் பயன்படும் அதே தாழ்ந்த கியரில் இறங்கி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள்.

ஓட்டம் முடிந்து வந்ததும் இரண்டு பின்சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள், தொடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அனலடித்தால் அந்தப் பக்கத்து ஷூ இறுக்கமாக இருக்கிறது; அட்ஜஸ்டரை ஒரு பல் தளர்த்துங்கள். ஒரு பக்கம் சில்லென்றே இருந்தால் அங்கே ஷூ பிடிக்கவில்லை. டிரம்மை மறுபடியும் கழற்றத்தான் வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மீண்டும் ஒரு முறை இறுக்கிப் பார்த்து, பின்தகட்டின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் வண்டியைப் பல நாள் நிறுத்துவதானால், சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு முட்டுக் கொடுங்கள். அப்படிச் செய்தால் துருவேறிய டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொள்ளாது.